முழங்கால் நோவுக்குச் சப்பாத்து மாற்றப் போறீங்களா? முதல்ல ட்ரொப்பைப் பாருங்க

விடிய மட்டக்களப்பு கல்லடிப் பாலத்தடியில் தொடங்கி கடற்கரைப் பக்கம் ஓடுற ஆள் நான். முழங்கால் சில்லைச் சுற்றி நோகத் தொடங்கியதும், யாரோ சொன்னாங்க என்று அடி தட்டையான சப்பாத்து வாங்கினேன். முழங்கால் நோ குறைந்தது. மூன்றாம் கிழமை குதிநாண் (கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கிற நாண்) பிடித்து, கட்டிலால் இறங்கச் சுவரைப் பிடிக்க வேண்டியதாப் போச்சு.

படி 1: குதிகாலுக்குக் கீழுள்ள கனத்திலிருந்து முன்பாதத்துக்குக் கீழுள்ள கனத்தைக் கழித்தால் வருவது ட்ரொப். 10 மி.மீ. அளவில் என்றால் வழமையான சோடி. 4க்குக் கீழே என்றால் தாழ்ந்தது. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் நிறையைப் போல் இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் ஏறும். சப்பாத்தால் அதை இடம் மாற்றத்தான் முடியும். ட்ரொப் கூடினால் முழங்காலுக்கு வேலை கூடும். குறைந்தால் கெண்டைக்காலுக்கும் குதிநாணுக்கும்.

படி 2: நான் சறுக்கின இடம் இது. வெளியே அடிமட்டம் வைத்து அளந்து ஏமாந்தேன். பழைய சோடியை வாளால் நெடுக்கே அறுத்துப் பார்த்தபோதுதான் விளங்கினது: வெளியே தெரியிற நுரைச் சுவர் மேலேறி நிற்குது, குதிகால் உள்ளே பள்ளத்தில் இருக்குது. அதனால் மாடல் பெயரைத் தேடி, தயாரிப்பாளர் தரும் எண்ணையே நம்புங்க. மாடல் பெயரே இல்லாத சோடியை, மலிவென்றாலும் நான் தொடமாட்டேன்.

படி 3: தாழ்ந்த சோடியை முதலில் நடக்க மட்டும் போடுங்க. பிறகு கிழமைக்கு ஒரு நாள் 10 நிமிடம் ஓடுங்க, மற்ற நாளெல்லாம் பழையது. விடிய முதல் அடி வைக்கும்போது குதிநாண் இறுகினால் அந்தக் கிழமை ஓடுற நேரத்தைக் கூட்டாதீங்க. எனக்கு முழுசாப் பழக மூன்று மாதம் எடுத்தது.

ஈரக்காலைச் சீமெந்துத் தரையில் பதித்து, பாதத்தின் உள்வளைவு பார்த்துச் சப்பாத்து தெரிவு செய்யச் சொல்லுவாங்க. விடுங்க. அமெரிக்க இராணுவப் பயிற்சியில் அப்படிக் கொடுத்துப் பார்த்தும் காயம் குறையவில்லை. போட்டு நாலு எட்டு ஓடிப் பார்த்து, காலுக்கு இதமானதை எடுங்க.

பிறகு சேர்த்தது: கடற்கரை மணலில் பழகலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தாங்க. வேண்டாம். மணலில் குதி புதைய, கெண்டைக்கால் இன்னும் இழுபடும். கரையின் சரிவில் ஒரு கால் எப்பவும் பள்ளத்தில் வேற.

இன்னொன்று: மாரியில் சோடி காயாது என்றவருக்கு, இரண்டு சோடி வைத்திருங்க. லக்சம்பேர்க்கில் 264 ஓட்டக்காரரை 22 கிழமை கவனித்த ஆய்வில், சோடிகளை மாற்றி மாற்றிப் போட்டவங்களுக்குக் காயமும் குறைவு. நனைந்ததுக்குள் பழைய பேப்பர் திணித்து நிழலில் வையுங்க. தகரக் கூரையில் போடாதீங்க. என்ட சோடி ஒன்றின் அடி கழன்றது அப்படித்தான்.