சி.என்.ஜி. கிட் போட்ட காருக்கு இன்சூரன்ஸை மாற்றுவது எப்படி?

பெட்ரோல் காரில் வெளியே சி.என்.ஜி. கிட் போடுகிறவர்கள் பலர் ஆர்.சி.யில் ஏற்றியதோடு நிறுத்திவிடுகிறார்கள். பாலிசியிலும் ஏற்றியே ஆக வேண்டும். கார் தீப்பிடித்து, சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்தால் அவர் கண்ணில் முதலில் படுவது டிக்கியில் இருக்கும் சிலிண்டர்தான். பாலிசியில் அது இல்லையென்றால் கிளெய்ம் அங்கேயே இழுபறி ஆகும். என் காருக்கு அண்மையில் இதைச் செய்து முடித்தேன். அதே வரிசையில் எழுதுகிறேன்.

படி 1: பில்

உங்கள் மாடலுக்கு ஒப்புதல் பெற்ற கிட்டை, அங்கீகாரம் பெற்ற மையத்தில் மட்டும் போடுங்கள். பில்லில் கிட்டின் விலையும் சிலிண்டர் எண்ணும் தனித்தனியாக இருக்கட்டும். பில் வேண்டாமென்றால் விலை குறைப்பதாகச் சொல்லும் கடைப்பக்கமே போகாதீர்கள்.

படி 2: ஆர்.சி.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-இன்படி, மாற்றம் செய்த 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டினால், எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோலோடு சி.என்.ஜி.யும் சேர்ந்துவிடும்.

படி 3: இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில்

ஏஜென்ட்டிடம் போனில் சொன்னால் போதும் என்பார்கள். நான் மெயிலைத்தான் சொல்வேன், தேதியோடு கையில் ஆதாரம் இருக்கும். புதிய ஆர்.சி., பில், பொருத்திய சான்று மூன்றையும் இணைத்து, பாலிசியில் எண்டார்ஸ்மென்ட் (மாற்றத்தைப் பாலிசியில் பதிந்து தரும் தாள்) கேளுங்கள்.

செலவு எவ்வளவு? பழைய இந்திய மோட்டார் டாரிஃப் கணக்குப்படி, சொந்தச் சேதப் பகுதியில் (உங்கள் வண்டிக்கான காப்பீடு) கிட் மதிப்பில் 4 சதவீதம், மூன்றாம் நபர் பகுதியில் (உங்கள் வண்டியால் பிறருக்கு வரும் சேதத்துக்கானது) 60 ரூபாய். இப்போது சொந்தச் சேதத்துக்குக் கம்பெனிகளே விலை வைக்கலாம் என்றாலும், இந்தக் கணக்கு இன்னும் பரவலாக இருக்கிறது. கிட் 50,000 ரூபாய் என்றால் 2,000 + 60, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து வருடத்துக்கு 2,430 ரூபாய் 80 காசு. நோ க்ளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) இருந்தால் இன்னும் குறையும். வருடத்தின் நடுவில் சேர்த்தால் மீதி நாளுக்கு மட்டும் கட்டினால் போதும்.

படி 4: ஷெட்யூலைப் படியுங்கள்

நான் மாட்டிக்கொண்டு நின்றது இங்கேதான், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். எண்டார்ஸ்மென்ட் வந்ததும் ஷெட்யூலில், அதாவது பாலிசி விவரத் தாளில், ஐ.டி.வி. (காப்பீடு செய்த மதிப்பு) கட்டத்தைப் பாருங்கள். வண்டி, எலக்ட்ரிக்கல் அல்லாத சாமான், எலக்ட்ரிக்கல் சாமான், சி.என்.ஜி./எல்.பி.ஜி. கிட், மொத்தம் என்று வரிசையாக இருக்கும். எனக்கு வந்த முதல் தாளில் கிட் என்ற இடத்தில் பூஜ்யம். ஆனால் வலப்பக்கம், மூன்றாம் நபர் பகுதியில், 60 ரூபாய் இருந்தது. அதாவது வண்டியில் காஸ் இருப்பது கம்பெனிக்குத் தெரியும், ஆனால் கிட் சேதமானால் அதற்கென்று ஒரு ரூபாயும் இல்லை. அந்த 60-ஐப் பார்த்துவிட்டு எல்லாம் முடிந்ததென்று தாளை மடித்து வைத்துவிடாதீர்கள். கிட் கட்டத்தில் மதிப்பு, இடப்பக்கம் 4 சதவீதத் தொகை, வலப்பக்கம் 60, எண்டார்ஸ்மென்ட் பட்டியலில் ஐ.எம்.டி. 25 (காஸ் கிட்டுக்கான எண்டார்ஸ்மென்ட் எண்): நான்கும் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் அதே மெயிலுக்குப் பதிலாகத் திருத்தம் கேளுங்கள்.

படி 5: புதுப்பிக்கும்போது

ஆன்லைனில் வேறு கம்பெனிக்கு மாறும்போது, வெளியே போட்ட கிட்டின் மதிப்பைக் கேட்கும் பெட்டி காலியாகவே இருக்கலாம். நீங்கள்தான் நிரப்ப வேண்டும். கிட் பழசாக ஆக மதிப்பும் குறையும்.

பின்சேர்க்கை

கருத்துப் பகுதியில் அலாய் வீல், மியூசிக் சிஸ்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மியூசிக் சிஸ்டத்துக்கும் அதே 4 சதவீதக் கணக்குதான், எலக்ட்ரிக்கல் கட்டத்தில் வரும். அலாய் வீல் எலக்ட்ரிக்கல் அல்லாத கட்டத்தில் சேர்ந்து, வண்டிக்கு உள்ள விகிதத்திலேயே பிரீமியம் ஏறும். முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு போட்டவர்களுக்கு என் பதில்: கழற்றிவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதன்மேல் நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. நடந்து போகிறவர் மீது மோதினால் அடி பலமாக விழும்.

இன்னொருவர் சிலிண்டர் சோதனை பற்றிக் கேட்டார். மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (சிலிண்டரில் தண்ணீரை அழுத்தி நிரப்பிச் செய்யும் சோதனை) கட்டாயம். சான்றின் நகலைப் பாலிசியோடு சேர்த்து வையுங்கள், கிளெய்ம் நேரத்தில் கேட்பார்கள்.