பழைய மலைச் சைக்கிளில் மோட்டார் பொருத்துவது: 250 வாட்டிலேயே பாயா தெருபோங் மேடு ஏறலாம்

எங்கள் வீடு பினாங்கில், பாயா தெருபோங்கில். வேலை ஜோர்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில். போக வர 20 கிலோமீட்டர்போல வரும். காலையில் போவது இறக்கம். மாலையில், வெயிலில் காய்ந்த உடம்போடு திரும்பி வருவதுதான் ஏற்றம். அதற்காகத்தான் பழைய 26 அங்குல மலைச் சைக்கிளில் மோட்டார் பொருத்தினேன். ஒன்றரை வருடமாக ஓடுகிறது. எப்படிச் செய்வது என்று நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் முழுவதையும் எழுதிவிடுகிறேன். பஞ்சர் ஒட்டுவது, பிரேக் கம்பி மாற்றுவது போன்றவை உங்களுக்குத் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வாங்குவதற்கு முன்: சட்டம்

இதைக் கடைசியில் படிக்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். எந்த மோட்டார் வாங்குவது என்பதையே இதுதான் முடிவு செய்கிறது.

மலேசியாவில் மின்சைக்கிள் ஒரு சைக்கிளாகவே கருதப்பட வேண்டுமானால் மூன்று விஷயங்கள் பொருந்த வேண்டும். மோட்டார் 250 வாட்டுக்கு மேல் போகக் கூடாது. வேகம் 25 கிலோமீட்டரைத் தொட்டதும் மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும். மிதித்தால்தான் அந்த உதவியே வர வேண்டும். இதற்கான மலேசியத் தரநிலை எம்.எஸ். 2514. இந்த வரம்பைத் தாண்டினால் அது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் மோட்டார் வாகனம். அப்போது பதிவு, சாலை வரி, காப்புறுதி, லைசன்ஸ் எல்லாம் வேண்டும். வீட்டில் பொருத்திய வண்டிக்கு அந்தப் பதிவை வாங்குவது நடைமுறையில் ஆகாத காரியம். 2022 ஏப்ரலில், அப்போதைய போக்குவரத்து அமைச்சர் வீ கா சியோங், மோப்பட், மின்ஸ்கூட்டர் வகை வண்டிகள் சாலையில் ஓடத் தடை என்று அறிவித்ததும் பலருக்கு ஞாபகம் இருக்கும்.

மோட்டாரும் பொருத்தும் பாகங்களும் சேர்ந்து வருவதைத்தான் கிட் என்கிறோம். இணையத்தில் 1,000 வாட் கிட் மலிவாகக் கிடைக்கும். வாங்காதீர்கள். அதை ஓட்டிப்போய் யாரையாவது இடித்துவிட்டால் உங்கள் பக்கம் காப்புறுதியும் இல்லை, சட்டமும் இல்லை. நான் வாங்கிய 250 வாட் கிட்டோடு, கைப்பிடியைத் திருகினால் மிதிக்காமலே ஓடும் த்ராட்டிலும் வந்தது. அதை நான் பொருத்தவே இல்லை.

"250 வாட்டில் நம்ம மேடு ஏறுமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். ஏறும். அதற்கு வழி கியரில் இருக்கிறது.

படி 1: சக்கரத்து மோட்டாரா, நடு மோட்டாரா

முதலில் நான் வாங்கியது பின்சக்கரத்தில் வரும் ஹப் மோட்டார். பொருத்துவது சுலபம், சமதரையில் அருமையாக ஓடும். குர்னி டிரைவ் பக்கம் இருப்பவர்களுக்கு அதுவே போதும். ஆனால் ஹப் மோட்டாருக்கு உங்கள் சைக்கிளின் கியர் உதவாது. சக்கரம் மெதுவாகச் சுற்றினால் மோட்டாரும் மெதுவாகச் சுற்றும், அப்போது மின்சாரம் வண்டியை ஓட்டும் பலமாக மாறாமல் சூடாக மாறும். ஜாலான் துன் சார்டோனில் பாலிக் பூலாவ் பக்கம் ஏறிப் பார்த்த அன்று, பாதி வழியில் மோட்டார் மூடியில் கை வைக்க முடியவில்லை. நிறுத்தி, ஆறவிட்டு, தள்ளிக்கொண்டு போனேன்.

நடு மோட்டார், பெடல் இருக்கும் அச்சில் உட்காரும். அதன் பலம் செயின் வழியாகப் போவதால், உங்கள் பின் கியர்கள் எல்லாம் மோட்டாருக்கும் கியர்கள். மலைப் பக்கம் வீடு என்றால் இதுதான். பாஃபாங் பிபிஎஸ்01, டோங்ஷெங் டிஎஸ்டிசட்2 இரண்டும் 36 வோல்ட், 250 வாட்டில் கிடைக்கும் பழக்கமான பெயர்கள். டோங்ஷெங்கில் மிதிக்கும் அழுத்தத்தை அளக்கும் சென்சார் இருப்பதால் ஓட்டுவது இயல்பாக இருக்கும். பாஃபாங்குக்கு உதிரி பாகம் எளிதாகக் கிடைக்கும்.

படி 2: கியர் கணக்கு

இதை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.

என் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.05 மீட்டர் ஓடும். கிட்டில் வந்த முன் பல்சக்கரம் 46 பல். சைக்கிளில் இருந்த பழைய ஃப்ரீவீல், அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு, 14 முதல் 28 பல் வரை. மிகக் குறைந்த கியரில், நிமிடத்துக்கு 65 முறை மிதித்தால்:

46 ÷ 28 × 2.05 × 65 = 219 மீட்டர். அதாவது மணிக்கு 13.1 கிலோமீட்டர்.

நானும் வண்டியும் சேர்ந்து 100 கிலோ. 8 சதவீதச் சரிவு என்று வைத்துக்கொள்வோம், அதாவது 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயர்வு. டயர் உராய்வையும் சேர்த்தால் அந்த வேகத்தில் ஏற ஏறத்தாழ 320 வாட் வேண்டும். நான் 100 வாட் மிதித்தால் மீதி 220 வாட்டை மோட்டார் விடாமல் கொடுக்க வேண்டும். மூச்சுமுட்டும் நிலைதான்.

முன்னால் 42 பல், பின்னால் 14 முதல் 34 பல் ஃப்ரீவீல் என்று மாற்றினேன். அதே 65 மிதியில்:

42 ÷ 34 × 2.05 × 65 = 165 மீட்டர். மணிக்கு 9.9 கிலோமீட்டர்.

இப்போது அதே சரிவுக்குத் தேவை சுமார் 243 வாட். என் 100 போக மோட்டாருக்கு 143 தான். மோட்டார் அதேதான், பேட்டரியும் அதேதான். மோட்டாரின் சுமை மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. மேட்டின் உச்சியில் இப்போது மோட்டாரில் கை வைத்தால் வெதுவெதுப்பாக மட்டுமே இருக்கிறது.

உச்ச கியரையும் பாருங்கள். 42 ÷ 14 × 2.05 × 65 = 400 மீட்டர், மணிக்கு 24 கிலோமீட்டர். கொஞ்சம் அழுத்தி மிதித்தால் 25. உதவி நிற்கும் இடமும் அதுதான். அதற்கு மேல் வேகமான கியர் எதற்கு? 48 பல், 52 பல் என்று பெரிய பல்சக்கரம் போடுகிறவர்கள் சட்டம் அனுமதிக்காத வேகத்துக்காக மேட்டில் ஏறும் பலத்தை இழக்கிறார்கள்.

சேர்க்கை: 34 பல் போட்ட ஒரு வாசகர், கியர் மாறும்போது செயின் உரசுகிறது என்று எழுதியிருந்தார். பின் கியர் மாற்றி நீளக் கை உள்ளதாக இருக்க வேண்டும். குட்டைக் கை பெரும்பாலும் 28 பல்லுக்குத்தான் தாங்கும். செயினையும் புதிதாக அளந்து வெட்டுங்கள், பழையது எட்டாது.

படி 3: பழைய அச்சைக் கழற்றுதல்

கிராங்க், அதாவது பெடல் மாட்டியிருக்கும் கையைக் கழற்ற நல்ல புல்லர் வாங்குங்கள். நான் பார்க் டூல் சிசிபி-22 வைத்திருக்கிறேன். முதலில் வாங்கிய மலிவு புல்லர் கிராங்கின் மரையைத் தின்றுவிட்டது, அதற்குச் செலவழித்த பணத்தில் நல்லதையே வாங்கியிருக்கலாம். பெடல் அச்சைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட்டுக்குப் பல் வைத்த சாக்கெட் வேண்டும்.

செயின் பக்கத்து மூடி மட்டும் மறுபக்க மரை. அதைக் கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். மற்ற பக்கம் வழக்கம்போல. பினாங்கின் கடல் காற்றில் இது துருப்பிடித்து இறுகியிருக்கும். முதல் நாள் இரவே எண்ணெய் விட்டு வையுங்கள்.

பெடல் அச்சு நுழையும் ஃப்ரேம் குழாய் 68 அல்லது 73 மில்லிமீட்டர் அகலம், மரை வெட்டியது என்றால் பெரும்பாலான கிட் பொருந்தும். மரை இல்லாமல் அழுத்திப் பொருத்தும் வகை என்றால் வேறு ஃப்ரேம் தேடுங்கள். முன் கியர் மாற்றியும் அதன் கம்பியும் போய்விடும், முன்னால் இனி ஒரே பல்சக்கரம்தான்.

படி 4: மோட்டாரை இறுக்குதல்

இந்த இடத்தில்தான் நான் ஒரு மாதம் தடுமாறினேன். மற்ற எல்லாவற்றையும் வேகமாகப் படித்தாலும் இதை மெதுவாகப் படியுங்கள்.

மோட்டாரின் அச்சை வலப்பக்கமிருந்து குழாயில் நுழைப்போம். இடப்பக்கம் பல் வைத்த ஒரு தட்டு, அதன் மேல் பெரிய வட்ட நட். அந்தத் தட்டின் பல் குழாயின் விளிம்பைக் கடித்துப் பிடிக்க வேண்டும். மோட்டாரை அசையாமல் நிறுத்துவது அந்தக் கடிதான்.

நான் பொருத்தினேன், இறுக்கினேன், ஓட்டினேன். ஒரு வாரத்தில் கிளம்பும்போதெல்லாம் "டொக்" என்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தால் மோட்டார் அரை அங்குலம் கீழே தொங்குகிறது. திரும்ப இறுக்கினேன். இன்னொரு வாரம், அதே சத்தம். மூன்றாவது தடவை மரைப்பசை போட்டு, முழுப் பலத்தையும் வைத்து இறுக்கினேன். பத்தே நாளில் மறுபடி ஆடியது. ஒருநாள் மழையில் மோட்டார் ஒயர் நசுங்கி, ஜாலான் பாயா தெருபோங் ஓரம் நின்றுவிட்டேன்.

ஆயர் ஈத்தாம் பாசார் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் தவுக்கேயிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் நட்டைத் தொடவே இல்லை. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, குழாயின் அடியில் விரலை வைத்து, "பாஸ், இதை ஏன் கழற்றவில்லை?" என்றார்.

கியர் கம்பி ஓடுவதற்காகக் குழாயின் அடியில் திருகியிருக்கும் சின்னப் பிளாஸ்டிக் துண்டு அது. மோட்டார் அதன் மேல் சாய்ந்து நின்றதால் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் தட்டின் பல்லில் பாதி குழாயைத் தொடவே இல்லை. நான் எவ்வளவு இறுக்கியும் பிடிமானம் பாதிதான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். அந்தப் பிளாஸ்டிக்கைக் கழற்றிவிடுங்கள். பின் கியர் கம்பியை முழு உறைக்குள் போட்டு ஃப்ரேமின் மேல்குழாய் வழியாகக் கொண்டுபோங்கள். குழாயின் இடது விளிம்பில் இருக்கும் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து உலோகம் தெரியும்படி எடுங்கள். பெயிண்ட் மேல் கடித்தால், பெயிண்ட் உதிர்ந்ததும் நட் தளர்ந்துவிடும். தட்டின் பல் உள்பக்கம், குழாயைப் பார்த்து இருக்க வேண்டும். மோட்டாரை ஃப்ரேமின் கீழ்க்குழாயை ஒட்டி மேலே தூக்கிப் பிடித்தபடி நட்டை இறுக்குங்கள். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரென்ச்சைக் கடன் வாங்கியாவது பயன்படுத்துங்கள், நான் வைத்தது 35 நியூட்டன் மீட்டர். பிறகு நட்டிலிருந்து ஃப்ரேம் வரை வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு உடைந்தால் நட் நகர்ந்திருக்கிறது என்று தினமும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும். என் கோடு ஒரு வருடமாக உடையவில்லை.

சேர்க்கை: ஹப் மோட்டார் போட்ட ஒரு தம்பிக்கு அச்சு சுழன்று ஒயரைப் பிய்த்துவிட்டதாம். அங்கே இதே வேலையைச் செய்வது டார்க் ஆர்ம் என்ற இரும்புக் கை. அது இல்லாமல் ஓட்டாதீர்கள், முக்கியமாக அலுமினிய முன் ஃபோர்க்கில்.

படி 5: பேட்டரி

என் கருத்தில் மாற்றமே இல்லை: செல்களை வாங்கி நீங்களே கட்டாதீர்கள். பிஎம்எஸ் என்ற பாதுகாப்புச் சுற்று உள்ள, மூடிய உறையில் வரும் பேட்டரியை நம்பகமான கடையில் வாங்குங்கள். என்னுடையது 36 வோல்ட், 13 ஆம்பியர் மணி. பெருக்கினால் 468 வாட் மணி. மேடு பள்ளத்தில் கிலோமீட்டருக்கு 10 வாட் மணி என்று வைத்தாலும் ஒருநாள் வேலைக்குப் பாதி கூடச் செலவாகாது.

வெயிலில் நின்ற சைக்கிளின் பேட்டரியை உடனே சார்ஜில் போடாதீர்கள். லித்தியம் செல் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாதது. அரை மணி நேரம் நிழலில் ஆறட்டும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் வாசலிலும் நடைபாதையிலும் வைத்துச் சார்ஜ் போடக் கூடாது. தீப்பிடித்தால் வீட்டிலுள்ளவர்கள் வெளியே ஓடும் வழியே அதுதான். விழித்திருக்கும் நேரத்தில், தரை ஓட்டின் மேல், பக்கத்தில் துணியில்லாமல் வையுங்கள். 36 வோல்ட் பேட்டரி நிறையும்போது 42 வோல்ட் காட்டும், சார்ஜரிலும் 42 என்றே எழுதியிருக்க வேண்டும்.

படி 6: ஒயர், பிரேக், திரை

ஒவ்வோர் இணைப்புக்கும் முன்னால் ஒயரைக் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விடுங்கள். தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், இணைப்புக்குள் போகாது. அக்டோபர் மழையில் இதன் அருமை புரியும்.

பிரேக் பிடித்தவுடன் மோட்டார் நிற்கும் சுவிட்சைக் கட்டாயம் பொருத்துங்கள். ஹைட்ராலிக் பிரேக் வைத்திருப்பவர்கள் பிரேக் பிடியை மாற்ற வேண்டாம், காந்தத்தோடு ஒட்டும் சென்சார் தனியாகக் கிடைக்கிறது. கியர் சென்சாரும் போடுங்கள். கியர் மாறும் நொடியில் அது மோட்டாரை நிறுத்தும், செயின் நீண்டநாள் உழைக்கும்.

கிட்டோடு வரும், வேகம் காட்டும் திரையில் சக்கர அளவு 26 அங்குலம், வேக வரம்பு 25 என்று வையுங்கள். சக்கர அளவைத் தவறாகக் கொடுத்தால் வேகமும் தவறாகக் காட்டும், 25 என்று நினைத்து 28இல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

படி 7: முதல் ஓட்டம்

கூட்டமில்லாத ஞாயிறு காலையில், சமதரையில் தொடங்குங்கள். மேட்டுக்கு வந்தால், மேடு தொடங்குவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். ஏறத் தொடங்கிய பிறகு மாற்றினால் செயின் மேல் உங்கள் பலமும் மோட்டாரின் பலமும் சேர்ந்து விழும். 50 கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். வண்டி 25 கிலோவுக்குப் பக்கம் வந்துவிட்டதால் பிரேக் கட்டை முன்பைவிடச் சீக்கிரம் தேயும்.

கடைசிச் சேர்க்கை: பட்டர்வொர்த்தில் இருக்கும் ஓர் அக்கா, தினமும் பாலத்தில் வரலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் அக்கா. பினாங்குப் பாலத்தில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, மோட்டார் வைத்த சைக்கிளும் சைக்கிள்தான். ஃபெரியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஏறும்போது திரையை அணைத்துவிட்டுத் தள்ளுங்கள், தெரியாமல் பெடலில் கால் பட்டால் வண்டி முன்னால் தாவும்.