அண்டாவில் நின்ற வழக்கு

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். நானும் என் கணவரும் பிரிந்து இரண்டு வருடமாகியும் விவாகரத்து வழக்கு வாய்தா வாய்தாவாக ஓடிக்கொண்டிருந்தது. நான் போட்டது கொடுமைக் குற்றச்சாட்டு மனு. அதில் ஒவ்வொன்றையும் நிரூபிக்க வேண்டும். 1955 இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் பரஸ்பர சம்மத மனு, அதாவது இருவரும் ஒத்துக்கொண்டு சேர்ந்து போடும் மனு என்று வேறு வழி இருப்பதைப் பற்றி முதல் வக்கீல் வாயே திறக்கவில்லை.

சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அங்கே கிடைத்த அக்காதான், "சமரசத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்போம்மா" என்றார். சமரசப் பேச்சில் சொல்வதைக் கோர்ட்டில் சாட்சியமாக்க முடியாது என்பதால் தைரியமாகப் பேசலாம்.

நகை, ஜீவனாம்சம் எல்லாம் ஒரே நாளில் முடிந்தது. இழுத்தடித்தது என் பாட்டி பெயர் பொறித்த பித்தளை அண்டா! "அம்மா அதுலதான் நெல் அவிக்கிறாங்க" என்றார் அவர். சமரசர் எங்களைத் தனித்தனியே உட்கார வைத்துக் கேட்டார். அப்புறம்தான் புரிந்தது: எனக்கு வேண்டியது பாட்டி பெயர், அவருக்கு வேண்டியது ஒரு அண்டா. என் ஜீவனாம்சக் கணக்கில் கழித்துப் புது அண்டா வாங்கிக்கொள்ளட்டும் என்றேன்.

ஒன்று மட்டும் கவனம். பரஸ்பர சம்மத மனுவில் இரண்டாவது விசாரணை வரை யாரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். அதனால் பாதிப் பணம் மனு போடும்போது, மீதி கடைசி நாளில் என்று எழுதிக்கொண்டோம். மனு போட்டதிலிருந்து இரண்டாவது விசாரணை வரைக்குமான ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்கில் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொன்னதைக் காட்டி மனு கொடுத்தோம், தளர்த்தினார்கள்.

அண்டா குட்டியானையில் வந்து இறங்கியது, அடியில் கரியோடு.