கல்லூரித் துறைக்குக் கணினி, நெட்வொர்க் விதிமுறை எழுதுவது எப்படி: குமரி மாவட்டத்துக்கேற்ற குறிப்புகள்

துறைக்கு விதிமுறை எழுத உட்காரும் பலர் முதல் பக்கத்தை நோக்கம், தொலைநோக்கு என்று நிரப்பிவிடுவார்கள். அதை யாரும் படிப்பதில்லை. எதைப் பார்ப்போம், எதைப் பார்க்க மாட்டோம் என்பதுதான் முதல் பத்தியில் வர வேண்டும். இப்படி எழுதலாம்:

"துறைப் பணத்திலோ ஆய்வுத் திட்டப் பணத்திலோ வாங்கி, ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறிய கருவிகளை மட்டுமே லேப் உதவியாளர் கையாளுவார். சொந்த லேப்டாப்புக்கு வைஃபை இணைத்துத் தருவார். கழற்றுவது, விண்டோஸ் போடுவது, அழிந்த ஃபைலை மீட்பது கிடையாது."

கடைசி வாக்கியம் கறாராகத் தெரியலாம். ஆனால் ஒரு பேராசிரியரின் வீட்டு லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் போனால் பழி உதவியாளர் தலையில்தான் விழும். எழுத்தில் இருந்தால் அவர் மரியாதையோடு மறுக்க முடியும்.

புகார் எல்லாம் ஒரே ரிஜிஸ்டரிலோ ஒரே கூகுள் ஃபார்மிலோ வரட்டும். வராந்தாவில் நிறுத்திச் சொன்னது கணக்கில் வராது என்றே எழுதுங்கள். தேர்வு, மதிப்பெண் பதிவு சம்பந்தப்பட்டது ஒரு மணி நேரத்துக்குள் கவனிக்கப்படும். லேப் முழுவதும் நின்றால் அரை நாளுக்குள். தனி ஒரு கணினி இரண்டு வேலை நாள். ஒரே ஓர் உதவியாளர் உள்ள துறை இதைவிட வேகமாக வாக்குக் கொடுக்கக் கூடாது.

<b>சொந்த ரவுட்டர் கூடாது</b>

நெட்வொர்க் பகுதியில் ஒரே ஒரு விதிதான் எழுத இடம் இருக்கிறது என்றால் இதை எழுதுங்கள். அறையில் சிக்னல் இல்லை என்று யாராவது வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து, சுவரிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகிவிடுவார்கள். உடனே அதுவும் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் தரப்படும் எண்) வழங்கத் தொடங்கும். அந்த மாடியில் அதனிடம் முகவரி வாங்கிய பாதிப் பேருக்கு நெட் போகும், பாதிப் பேருக்கு இருக்கும். நெட் கம்பெனிக்குப் போன் போட்டுப் பயனில்லை.

கண்டுபிடிக்க, நெட் போன கணினியில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'ஐபிகான்ஃபிக் /ஆல்' (ipconfig /all) கட்டளை கொடுங்கள். டிஎச்சிபி சர்வர் (ஐபி முகவரி வழங்கும் கருவி) என்ற வரியில் உங்கள் சர்வரின் முகவரி இல்லாமல் 192.168.0.1 போல ஏதாவது இருந்தால் ஆள் அகப்பட்டாயிற்று. அடுத்து 'ஏஆர்பி -ஏ' (arp -a) கொடுத்தால் அந்த முகவரிக்குரிய மேக் எண் (கருவியின் அடையாள எண்) தெரியும். மேனேஜ்டு ஸ்விட்சின் (உள்ளே நுழைந்து அமைப்பை மாற்றக்கூடிய ஸ்விட்ச்) மேக் டேபிளில் அந்த எண் எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று பார்த்து அந்தக் கேபிளைப் பிடுங்குங்கள். ஸ்விட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங்கை (அனுமதித்த சர்வரை மட்டுமே முகவரி வழங்க விடும் வசதி) ஆன் செய்துவைத்தால் இந்த அலைச்சலே வராது. கூடவே லூப் பாதுகாப்பையும் போடுங்கள். ஒரே கேபிளின் இரு முனையையும் ஒரே ஸ்விட்சில் செருகினால் எல்லா விளக்கும் ஒன்றாகப் படபடத்து லேப் நின்றுவிடும்.

<b>இடி, உப்பு, கரண்ட்</b>

வெளியூர் விதிமுறையை நகலெடுப்பவர்கள் கோட்டைவிடும் இடம் இது. நம் மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் மாலை இடி சகஜம். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செம்புக் கேபிள் இழுக்கக் கூடாது, ஃபைபர் மட்டுமே என்று எழுதுங்கள். தூரம் 100 மீட்டருக்குள் இருந்தாலும் சரி. இடி நேரத்தில் பவர் பிளக்கை மட்டும் பிடுங்கிவிட்டு லேன் கேபிளை விட்டுவிடுவார்கள். மதர்போர்டு போவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான். சாயங்காலம் பூட்டும்போது இரண்டையும் கழற்றுவது யார் பொறுப்பு என்று பதவியைக் குறிப்பிடுங்கள்.

இராஜாக்கமங்கலம், குளச்சல் போன்ற கடலோரத்தில் கேபிள் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். மலிவான கேபிளில் உள்ளே அலுமினியம், மேலே செம்பு முலாம். வாங்கும்போது கம்பியைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். முழுச் செம்பு கேட்6 (நெட்வொர்க் கேபிளின் ஒரு தரம்) என்ற சொல்லைக் கொட்டேஷனிலேயே போட்டுவிடுவது நல்லது.

600 விஏ யுபிஎஸ், உள்ளே 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி: புதிதில் ஒரு கணினியைப் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். நம் சூட்டுக்கு இரண்டு, மூன்று வருடம்தான். மூன்று மாதத்துக்கொரு முறை மெயினை அணைத்து நேரம் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் பேட்டரியை மாற்றுங்கள். லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் மாட்டவே கூடாது. அதன் ஹீட்டர் இழுக்கும் கரண்டை இந்தச் சின்ன யுபிஎஸ் தாங்காது.

<b>பேக்கப்பும் கணக்குகளும்</b>

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வளாகத்துக்கு வெளியே. 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் வந்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. கிளவுடை மட்டும் நம்பியிருந்தால் மதிப்பெண் பட்டியலைத் திறக்கக்கூட வழியில்லை. ஆகவே ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க் அவசியம். கடலோரத் துறை என்றால் வெளிப்பிரதி நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ இருக்கட்டும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபைலை பேக்கப்பிலிருந்து திறந்து பாருங்கள்.

துறையின் ஜிமெயில் ஓடிபி பழைய தலைவரின் செல்லுக்குப் போவது எங்கும் நடப்பது. பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலில் மீட்பு எண், மீட்பு மெயில் மாற்றம் என்ற வரியையும் சேருங்கள். நிர்வாகப் பாஸ்வேர்டு மூடிய உறையில் தலைவரின் பீரோவில்.

வைரஸ் ஃபைல்களைப் பூட்டிவிட்டால் முதலில் லேன் கேபிளைக் கழற்றுங்கள். உடனே ஃபார்மட் செய்துவிடாதீர்கள். மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தகவல் போக வேண்டும். லாக்குகளை (கணினி, நெட்வொர்க் செயல்பாட்டுப் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். தகவல் சொல்ல வேண்டியவர் யார் என்பதையும் எழுதிவையுங்கள்.

விண்டோஸ் 10க்கு இலவச அப்டேட் 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 ஏறாத கணினிகளில் உபுண்டு லினக்ஸ் போடலாம், அல்லது இணையம் இல்லாமல் தனி விஎல்ஏஎன்னில் (ஸ்விட்சிலேயே பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்) வைக்கலாம்.

தமிழ் வினாத்தாள்: புதியது எல்லாம் யூனிகோடில், தமிழ்99 விசைப்பலகையில். பழைய பாமினி ஃபைல்களுக்காக அந்த எழுத்துருவை பேக்கப்பில் ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். விண்டோஸ் மாற்றியதும் தேடுவது அதைத்தான். அச்சுக்குப் போவது பிடிஎஃப்பாக மட்டுமே.

கண்டெம்ன் செய்த (பயனற்றது என்று கழித்த) கணினியை ஏலத்தில் விடும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி அதன் சீரியல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 2022 மின்கழிவு விதிகளின்படி கணினி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் போக வேண்டும், பழைய இரும்புக் கடைக்கு அல்ல. யுபிஎஸ் பேட்டரியைப் புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து, பில்லில் கழித்துக்கொள்ளலாம்.