பழைய அல்ஃபா ஜிடி வாங்கப் போறீங்களா? முதலில் தகரத்தைப் பாருங்கள்

சூரிச்சில் இருக்கிற அக்கா மகன் ஒரு சிவப்பு அல்ஃபாவின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "மாமா, 1750 ஜிடி வெலோச்சே. எஞ்சின் புதுசாச் செய்ததாம், எடுக்கட்டோ?" என்று கேட்டான். "எஞ்சின் கிடக்கட்டும். கதவுக்குக் கீழ்ப்பக்கத்தைக் கிட்டவா ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லு" என்றேன். விற்கிறவர் அதை மட்டும் அனுப்பவில்லை. வேறு பதில் தேவைப்படவில்லை.

இத்தாலியின் ரெஜ்ஜோ எமிலியாவில் தகர வேலை செய்து பத்தொன்பது வருசமாகிறது. சுவிசிலும் ஜெர்மனியிலும் இருக்கிற பெடியள் இந்த வண்டியைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

நான் சொல்வது 1963-ல் ஜூலியா ஸ்பிரிண்ட் ஜிடி என்று வந்து, எழுபதுகளின் நடுப்பகுதி வரை ஓடிய இரண்டு கதவு அல்ஃபா ரோமியோ. பெர்த்தோனே நிறுவனத்தில் இருந்த ஜோர்ஜெத்தோ ஜுஜாரோ இதை வரைந்தபோது அவருக்கு வயது இருபதுகளின் தொடக்கம். மிலானுக்குப் பக்கத்து அரேசேயில் அல்ஃபா கட்டிய புதுத் தொழிற்சாலையில் உருவானது. உள்ளே நாலு பேர் இருக்கலாம் என்பார்கள். பின்னால் இருக்கிற இரண்டு பேருக்கும் கால் இருக்கக்கூடாது.

முதலில் எது எது என்று தெரிய வேண்டும். வண்டியின் மூக்கைப் பாருங்கள். ஆரம்ப கால வண்டிகளில் பொனெட்டின் முன்விளிம்பு மூக்குத் தகரத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்து ஒரு படி மாதிரி நிற்கும். இங்கே அதை ஸ்கலீனோ என்பார்கள், படி என்றுதான் அர்த்தம். ஸ்கலீனோவும் இரண்டு லைற்றும் இருந்து, கிரில்லில் அகலக் கண்ணி வலை மட்டும் இருந்தால் அது முதல் ஸ்பிரிண்ட் ஜிடி, 1570 சிசி. கறுப்புக் கிரில்லில் மூன்று குறோம் பட்டியும், பின்தூணில் நாலிலைக் குளோவர் சின்னமும் இருந்தால் 1966-ல் வந்த ஸ்பிரிண்ட் ஜிடி வெலோச்சே. ஒரே ஒரு பட்டி என்றால் 1300 ஜூனியர், 1290 சிசி. சின்ன எஞ்சின் என்று சிரிக்காதீர்கள். மலை றோட்டில் அதைக் கத்தவிட்டு ஓட்டுவது ஒரு தனிச் சுகம்.

1967 கடைசியில் தொடங்கிய 1750-ல் படி போய்விட்டது. லைற் நாலு, சில்லு 15 அங்குலத்திலிருந்து 14-க்கு இறங்கியது, எஞ்சின் 1779 சிசி. 1971-ல் 2000 வந்தது: 1962 சிசி, கிரில் முழுக்கக் குறுக்குப் பட்டிகள், பின் லைற் பெரிசு, மீற்றர்கள் எல்லாம் ஒரே கூண்டுக்குள். என்னைக் கேட்டால் 1750-ன் எஞ்சின்தான் இனிமை. 2000-க்கு இழுவை கூட, ஆனால் அந்தக் கிரில்லை இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 1974 முதல் ஜூனியர்களுக்கும் 2000-ன் மூக்கையும் நாலு லைற்றையும் கொடுத்துவிட்டார்கள். அதனால் நாலு லைற்றைக் கண்டவுடன் 2000 என்று நம்ப வேண்டாம். பட்ஜ், அதாவது வண்டியில் ஒட்டும் பெயர்ச் சின்னம், எந்தக் கடையிலும் கிடைக்கும், இமோலாவின் பழைய சாமான் சந்தையில் மேசை நிறையக் குவிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். நம்பரைத்தான் பார்க்க வேண்டும். சசி நம்பர், அதாவது வண்டி உடம்பின் அடையாள எண், எஞ்சின் அறையின் பின்சுவர்த் தகரத்தில் அடித்திருக்கும். வகை எண் 105.02 என்றால் ஸ்பிரிண்ட் ஜிடி, 105.36 ஸ்பிரிண்ட் ஜிடி வெலோச்சே, 105.30 ஜூனியர் 1300, 105.44 1750, 105.21 2000. எஞ்சின் பிளொக்கில் 00548 என்றிருந்தால் 1750-ன் எஞ்சின், 00512 என்றால் 2000-ன் எஞ்சின். ஜூனியருக்குள் 00512 கிடப்பது இங்கே சர்வசாதாரணம். ஓடுவதற்கு நல்லதுதான். ஆனால் லிப்ரெத்தோவில், அதாவது வண்டிப் புத்தகத்தில், எழுதியிருக்கும் எஞ்சின் வகை வேறாக இருந்தால் தலையிடி உங்களுக்கு.

ஜிடிஏ என்று யாராவது சொன்னால் காந்தத்தை எடுங்கள். அதிலுள்ள ஏ எழுத்து அல்லெஜெரித்தா, எடை குறைத்தது. 1965-ல் பந்தயத்துக்காக வெளித்தகரம் எல்லாம் அலுமினியத்தில் செய்தார்கள், சாதா வண்டியைவிட ஏறக்குறைய 200 கிலோ குறைவு. பொனெட்டிலும் கதவிலும் காந்தம் ஒட்டினால் கதை முடிந்தது. ஒட்டாவிட்டாலும் சந்தோசப்பட வேண்டாம், அலுமினியக் கதவும் வாங்கலாம். ஹெட்டில் எட்டு பிளக் இருக்கிறதா, அல்ஃபாவின் ஆவணக் காப்பகத்தின் கடிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் இருந்தால் அந்த விலைக்கு நீங்களும் நானும் ஆளில்லை.

துரிங் நிறுவனம் செய்த திறந்த ஜிடிசி, ஸாகாத்தோ நிறுவனம் செய்த ஜூனியர் ஸெட் இரண்டும் அரிது. உதிரித் தகரம் தேடியே ஆயுள் போய்விடும். முதல் வண்டியாக வாங்க வேண்டாம்.

இப்போது விசயத்துக்கு வருவோம். வண்டி பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தம் (பெயின்ற் கீறாமல் மெல்லிய துணியில் சுற்றியது), ரோச் லைற், கீழே விரித்துப் படுக்க ஒரு பழைய பெட்சீற். காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள்" என்று முதல்நாளே சொல்லுங்கள். போனதும் பேச்சுக் கொடுத்தபடி பொனெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் அவர் எதையோ மறைக்கிறார்.

இந்த வண்டியைக் கொல்வது கறள், அதாவது துரு. கதவுக்குக் கீழே நீளமாகப் போகிற சில் (சில்லு அல்ல, உடம்பின் அடித்தகரம்), வெளியே பார்க்க ஒரே தகரம்போல இருந்தாலும் உள்ளே மூன்று அடுக்கு. வண்டியின் முதுகெலும்பு அதுதான். உள்ளடுக்கு உதிர்ந்துபோக, வெளியே புதுத்தகரத்தை ஒட்டிப் பெயின்ற் அடித்து விற்பார்கள். நானும் ஏமாந்தேன். தகர வேலைக்காரன் என்ற திமிரில், மாலை வெளிச்சத்தில், பளபளவென்ற ஒரு ஜூனியரை வாங்கி வந்தேன். திங்கட்கிழமை சுரண்டினால் பின்சில்லு வளைவு முழுக்கப் பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கப் பூசும் பசை. விரல் தடிப்புக்குப் பட்டி! முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, சுரண்டி எடுத்த துண்டொன்றை என் அலுமாரியில் ஒட்டி வைத்தார்.

ஆகையால் காந்தத்தைக் கதவின் கீழ் ஒரு சாண் உயரத்துக்கும், முன் சில்லுக்குப் பின்னாலுள்ள தகரத்திலும், பின் வளைவின் ஓரத்திலும் வைத்துப் பாருங்கள். வழுக்கி விழுகிற இடத்தில் பட்டி. பிறகு விற்கிறவரின் அனுமதியோடு ஜக் வைக்கும் இடத்தில் வண்டியைத் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு தட்டினாலோ, இடைவெளி மாறினாலோ சில் செத்துவிட்டது. ஜக்கே உள்ளே ஏறினால் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

பெட்சீற்றை விரித்து, றேடியேற்றருக்குக் கீழே குறுக்காகப் போகிற பெட்டித் தகரத்தைத் தட்டிப் பாருங்கள். நல்லது "டங்" என்னும், கெட்டது "பொத்" என்னும். டிக்கியில் கம்பளத்தைத் தூக்கி ஸ்பெயார் சில்லுக் குழியையும், பட்டரி எங்கே இருக்கிறதோ அந்த இடத்தையும் பாருங்கள். முன்கண்ணாடி, பின்கண்ணாடிகளின் கீழ் மூலையில் பெயின்ற் கொப்புளித்திருந்தால், கண்ணாடியைக் கழற்றினால்தான் நோயின் அளவு தெரியும். கால்மிதியைத் தூக்கித் தரையையும் பாருங்கள்.

எஞ்சினைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதைச் செய்ய ஆள் இருக்கிறது, சாமானும் இருக்கிறது. அலுமினிய பிளொக், இரும்பு லைனர், மேலே இரண்டு காம் ஷாஃப்ற், சங்கிலியில் ஓடும். இதன் பழைய வருத்தம் ஹெட் காஸ்கெற். ஒயில் ஏறும் துவாரங்களைச் சுற்றியிருக்கிற சின்ன றப்பர் வளையங்கள் காய்ந்து ஒயில் தண்ணீருக்குள் போகும். றேடியேற்றர் மூடியைக் குளிர்ந்திருக்கும்போதே திறந்து, உள்ளே எண்ணெய்ப் படலமோ கபிலநிறச் சேறோ இருக்கிறதா என்று பாருங்கள். கார்பரேற்றரைத் தாங்கும் றப்பர் வெடித்திருந்தால் ஐட்லிங் ஆடும். அது சின்னச் செலவு, ஆனால் விலை பேச உதவும். அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த வண்டி என்றால் கார்பரேற்றருக்குப் பதில் ஸ்பிக்கா எரிபொருள் இன்ஜெக்சன் இருக்கலாம். அது தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இல்லாவிட்டால் யோசியுங்கள்.

ஓட்டிப் பார்க்கும்போது றேடியோவைக் கேட்காதீர்கள், கியரைக் கேளுங்கள். குளிர்ந்த நிலையில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால் "கிறீச்" என்று கத்துவது இந்த ஐந்து கியர்ப் பெட்டியின் பிறவிக் குணம். சூடான பிறகும் கத்தினால், கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சிங்க்ரோ வளையம் தேய்ந்துவிட்டது. எஞ்சின் நன்றாகச் சூடேறினதும் ஒயில் அழுத்த மீற்றரின் முள் ஐட்லிங்கில் ஒன்றுக்குக் கிட்ட, ஓடும்போது நாலுக்குக் கிட்ட நிற்க வேண்டும். நாலு சில்லுக்கும் டிஸ்க் பிரேக், நேராக நிற்க வேண்டும். எங்கள் பக்கம் வந்தால் செரெத்தோ கணவாய்க்கு ஏறுகிற 63-ஆம் இலக்க றோட்டில் ஓட்டிப் பார்க்கச் சொல்வேன், அந்த வளைவுகளில் ஒரு வண்டியும் பொய் சொல்லாது.

காசு கொடுக்க முன் கடைசி வேலை கடதாசி. அல்ஃபாவின் ஆவணக் காப்பகம் சசி நம்பரைக் கொடுத்தால் அது எப்போது செய்தது, முதலில் என்ன நிறம் என்று எழுதித் தரும். சிவப்பு வண்டிகளில் பாதி சிவப்பாகப் பிறக்கவில்லை என்பது என் அனுபவம். பச்சையும் காவி மஞ்சளும் வெள்ளையும் உள்ளே இருக்கும். இத்தாலிக்கு வெளியே கொண்டுபோவதென்றால் பிஆர்ஏ என்ற வாகனப் பதிவகத்தில் ஏற்றுமதிக்காகப் பதிவை நீக்க வேண்டும், அதற்கு வண்டியின் ரெவிசியோனே என்ற தகுதிச் சோதனை காலாவதியாகாமல் இருக்க வேண்டும். அதை விற்கிறவரையே செய்யச் சொல்லுங்கள். நம்பர் தகட்டையும் அப்போது வாங்கிக்கொள்வார்கள். படத்தில் பார்த்து ஆசைப்பட்ட அந்தப் பழைய கறுப்புத் தகடு சூரிச்சுக்கு வராது என்று மருமகனிடம் இன்னும் சொல்லவில்லை.