நடுக்கத்தோடு செமினார் எடுப்பது எப்படி?

செமினார் எடுக்க வேண்டிய நாள் நெருங்க நெருங்கச் சாப்பாடு இறங்காமலும் தூக்கம் பிடிக்காமலும் தவிக்கும் மாணவர்களுக்கு எல்லோரும் சொல்லும் அறிவுரை "பயப்படாதே" என்பதுதான். சொன்னவுடன் போய்விடுவதாக இருந்தால் பயம் இத்தனை பேரை வாட்டாது. பயம் தெளியட்டும் என்று காத்திருப்பதைவிட, கை நடுங்கினாலும் நா வறண்டாலும் பேசி முடித்துவிடக்கூடிய விதத்தில் செமினாரையே அமைத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஏற்ற வழி என்பது என் உறுதியான கருத்து. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, பொறியியல் கல்லூரியின் முதலாண்டில் ஆங்கிலத்தில் முதன்முறையாகப் பேசப் போகும் மாணவரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். மற்ற மாணவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

பலருடைய பார்வையும் தன்மீது விழும் நேரத்தை உடல் ஓர் ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, உமிழ்நீர் குறைகிறது, விரல் நுனிகள் சில்லிடுகின்றன. ஆரோக்கியமான மனிதர்களிடம் மன அழுத்தத்தை வரவழைத்து ஆராய்வதற்காக ஜெர்மனியின் ட்ரையர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993இல் வெளியிட்ட சோதனைமுறையில், முகத்தில் எந்த உணர்ச்சியையும் காட்டாத ஒரு குழுவின் முன்னால் ஐந்து நிமிடம் பேசவைப்பதும், அதையடுத்து மனக்கணக்குப் போடச் சொல்வதும்தான் முக்கிய அங்கங்கள். ஆய்வுக்கூடங்களில் இன்றும் அந்த முறை பயன்படுகிறது. எனவே, வகுப்பின் முன்னால் நிற்கும்போது நடுங்குகிற மாணவரிடம் குறை எதுவும் இல்லை. யாரை நிறுத்தினாலும் ஏறக்குறைய அப்படித்தான் ஆகும்.

இன்னொன்றையும் அறிந்துகொள்வது நல்லது. நம் பதற்றம் எல்லோருக்கும் அப்பட்டமாகத் தெரிகிறது என்று நாம் நினைத்துக்கொள்ளும் அளவுக்கு அது வெளியே தெரிவதில்லை. கென்னத் சாவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இந்த உண்மையைப் பேசுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்ட மாணவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். காதுக்குள் இடிபோல் ஒலிக்கும் இதயத் துடிப்பு, முதல் பெஞ்சில் இருப்பவருக்குக்கூடக் கேட்காது.

இனி, தயாரிப்புக்கு வருவோம். இங்கேதான் பாதிக்கு மேற்பட்ட வேலை இருக்கிறது. நம் மாணவர்களுக்குப் பழகிப்போன முறை, இணையத்திலிருந்து எடுத்த பத்திகளை வரிக்கு வரி மனப்பாடம் செய்வது. பதற்றத்தில் ஒரு சொல் நழுவினால் அடுத்த வரி வராது, அதற்கடுத்ததும் வராது. ஆகையால் முதல் நான்கு வாக்கியங்களையும் முடிவில் சொல்லும் இரண்டு வாக்கியங்களையும் மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பாடமாக்கிக்கொள்ளுங்கள். நடுப்பகுதியைக் கேள்விகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுமானப் பொறியியல் மாணவர் ஒருவர் கான்கிரீட் கியூரிங் (போட்ட கான்கிரீட்டைச் சில நாள் ஈரமாகவே வைத்திருப்பது) பற்றிப் பேசப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கியூரிங் என்பதன் வரையறையோடு தொடங்கினால் அவருக்கும் சலிப்பு, கேட்பவர்களுக்கும் சலிப்பு. தளம் போட்ட மறுநாள் மொட்டை மாடியில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துகிறார்களே, அது எதற்காக என்று தொடங்கட்டும். இது எல்லோரும் தெருவில் பார்த்திருக்கும் காட்சி. அடுத்த கேள்வி, கான்கிரீட் எப்படி இறுகுகிறது? காய்வதால் இறுகுவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிவதால் இறுகுகிறது, ஆகவே தண்ணீர் சீக்கிரம் ஆவியாகிவிட்டால் வலிமை குறைந்துவிடும். மூன்றாவது, எத்தனை நாள் ஈரமாக வைக்க வேண்டும்? சாதாரண போர்ட்லாண்ட் சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள். நான்காவது, வலிமையை எப்படிச் சோதிக்கிறார்கள்? 150 மில்லிமீட்டர் கனசதுரங்களை வார்த்து, 28ஆம் நாள் நசுக்கிப் பார்க்கிறார்கள். இந்த நான்கு கேள்விகளும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பதால், ஒரு விடை முடியும்போது அடுத்த கேள்வி தானாக நினைவுக்கு வந்துவிடும். ஒவ்வொரு ஸ்லைடின் தலைப்பாகவும் அந்தந்தக் கேள்வியையே போட்டுவிட்டால், மறதி வந்தாலும் திரையே எடுத்துக்கொடுக்கும்.

ஆங்கிலத்தைப் பற்றிய அச்சம்தான் பலருக்குப் பாடத்தைப் பற்றிய அச்சத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. முதலில் அறைத் தோழர் ஒருவரிடம் விஷயம் முழுவதையும் தமிழில் விளக்கிப் பாருங்கள். தமிழில் தடுமாறுகிற இடம், இன்னும் புரியாத இடம். அங்கே ஆங்கிலத்தைத் திருத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை. புரிந்த பிறகு, உங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எழுவாயும் பயனிலையும் அருகருகே நிற்கும் சிறுசிறு வாக்கியங்களாகச் சொல்லிப் பழகுங்கள். ஹைட்ரேஷன், கம்ப்ரெசிவ் ஸ்ட்ரெங்த் போன்ற கலைச்சொற்களை மட்டும் தனியே எழுதிவைத்து, உச்சரிப்பை இணைய அகராதியில் கேட்டு, வாய்விட்டுப் பலமுறை சொல்லுங்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே இடையில் நிறுத்தி இலக்கணம் திருத்தும் ஆசிரியர்கள் சிலர் இருக்கிறார்கள். திருத்தத்தை முடிவில் சொன்னால் அந்த மாணவருக்கு எவ்வளவோ உதவியாக இருக்கும் என்பதை அவர்களுக்கு வேண்டுகோளாகவே வைக்கிறேன்.

மனத்துக்குள் படித்துப் பார்ப்பது ஒத்திகையாகாது. கடைசி மணி அடித்து வகுப்பு காலியான பிறகு, நீங்கள் நிற்கப்போகும் அதே இடத்தில் நின்று, கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரலில், தொடக்கம் முதல் முடிவு வரை நிறுத்தாமல் பேசிப் பாருங்கள். அடுத்த முறை இரண்டு நண்பர்களை உட்காரவையுங்கள். கைபேசியில் பதிவுசெய்து நேரத்தையும் கணக்கிடுங்கள். பதற்றத்தில் பேச்சு வேகமெடுக்கும் என்பதால், ஒத்திகையில் அளவாக இருந்த பேச்சு வகுப்பில் சற்று முன்னதாகவே முடிந்துவிடக்கூடும்; அதற்காகக் கலங்க வேண்டாம்.

அன்றைய நாளுக்கான சிறு ஏற்பாடுகளும் உண்டு. குறிப்புகளை முழு அளவு ஏ4 தாளில் எழுதாதீர்கள். விரலின் சிறு நடுக்கத்தைத் தாளின் மறுமுனை பெரிதாக்கிக் காட்டும், மின்விசிறிக் காற்று வேறு அதைப் படபடக்கவைக்கும். உள்ளங்கையில் அடங்கும் கெட்டி அட்டை ஆடாது. லேசர் பாயின்டரும் வேண்டாம். கை சற்றே நடுங்கினாலும் சிவப்புப் புள்ளி திரை முழுவதும் அலையும், அதைப் பார்த்தே பயம் கூடிவிடும். திரைக்கு அருகில் சென்று கையால் காட்டுங்கள். பென்டிரைவில் பிபிடியோடு ஒரு பிடிஎஃப் நகலும் இருக்கட்டும். ஒரு பாட்டில் தண்ணீர் மேசைமேல் இருக்கட்டும். டீயும் காபியும் படபடப்பைக் கூட்டக்கூடியவை; அவற்றைச் செமினாருக்குப் பிறகு குடிக்கலாம்.

உங்கள் பெயரை அழைப்பதற்கு முந்தைய சில நிமிடங்களில், மூச்சை நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெல்ல விடுங்கள். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே சற்றுத் தணிவதால், விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் இதில் முக்கியம். எழுந்து போனதும் உடனே தொடங்காமல், கால் இரண்டையும் ஊன்றி நின்று, தலையசைத்துக் கேட்கக்கூடிய ஒரு நண்பரின் முகத்தைக் கண்டுபிடித்து, அவரிடம் பேசுவதாகவே முதல் வாக்கியத்தைச் சொல்லுங்கள். நடுவில் மறந்துவிட்டால் மன்னிப்புக் கேட்க வேண்டாம். ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, திரையிலுள்ள கேள்வியை உரக்கப் படித்துத் தொடருங்கள். ஆசிரியர் கேட்கும் கேள்விக்கு விடை தெரியாவிட்டால், படித்துவிட்டு நாளை சொல்கிறேன் என்று சொல்லி, மறுநாள் உண்மையாகவே போய்ச் சொல்லுங்கள்.

ஓர் எச்சரிக்கை. படபடப்பைக் குறைக்கும் என்று நண்பர்கள் சொல்வதைக் கேட்டு ப்ரோப்ரனலால் போன்ற மாத்திரைகளை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது மூச்சுத்திணறலை உண்டாக்கும். செமினார் நாட்களில் கல்லூரிக்கே போகாமல் தவிர்க்கும் அளவுக்கு, அல்லது வகுப்பில் வருகைக்குக் குரல் கொடுக்கவே அஞ்சும் அளவுக்கு நிலைமை இருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதே சரி. அரசின் டெலி மானஸ் உதவி எண்ணான 14416ஐ எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

முதல் செமினாரை முடித்தவர்கள் அடுத்த ஆண்டு வரை சும்மா இருந்துவிட்டால் பயம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். துறை மன்ற விழாவில் நன்றியுரை சொல்ல ஆள் தேடும்போது பெயர் கொடுங்கள். அது இரண்டு நிமிட வேலை, கையில் பார்த்தே படிக்கலாம், விழா முடியும் நேரம் என்பதால் எல்லோரும் கிளம்பும் அவசரத்தில் இருப்பார்கள். அது பழகிய பிறகு வரவேற்புரை, அதற்கப்புறம் விருந்தினர் அறிமுகம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.