கைவினை விற்பவர்கள் ஒருவர் கடையை ஒருவர் பார்த்துத் திருத்திக்கொள்வது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை விளக்கம்

இணையத்தில் கொட்டான், அதாவது செட்டிநாட்டில் பனை ஓலையால் முடையும் பெட்டி, விற்கத் தொடங்கிய முதல் ஆண்டில், வாங்க வந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்ட கேள்வி, "இது நனைந்தால் என்ன ஆகும்?" என்பதுதான். காரைக்குடிப் பக்கம் ஓலைப் பெட்டிகளோடு வளர்ந்த எவருக்கும் அந்தக் கேள்வி தோன்றாது. நனைந்தால் துடைத்து நிழலில் உலர்த்துவோம். ஈரத்தோடு மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த இரண்டு வரிகளை என் கடைப் பக்கத்தில் நான் எங்குமே எழுதவில்லை என்பதைக் கண்டு சொன்னவர், கோரைப்பாய் விற்கும் ஒரு சகோதரி. அவருடைய பக்கத்தில் பாயின் நீளம் இருந்தது, அகலம் இல்லை. அதை நான் அவருக்குச் சொன்னேன். எங்கள் ஐவர் குழு இப்படித்தான் தொடங்கியது.

பொருளைச் செய்கிறவருக்கு அதைப் பற்றி எல்லாம் தெரியும் என்பதாலேயே, வாங்குபவருக்கு எது தெரியாது என்பது அவர் கண்ணில் படுவதில்லை. அதை இன்னொரு கைவினைஞரால் எளிதாகக் காண முடியும். ஆனால் அதற்கு ஒரு முறை வேண்டும். முறையில்லாமல் கருத்துக் கேட்டால் "நன்றாக இருக்கிறது அக்கா" என்ற பதிலே கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு ஒரு படத்தைக்கூட மாற்ற முடியாது.

படி 1: குழுவைச் சேர்த்தல்

நான்கு முதல் ஆறு பேர் போதும். ஒரே பொருளை விற்பவர்களைச் சேர்க்காமல், ஒரே வகையான வாடிக்கையாளருக்கு வெவ்வேறு பொருள் விற்பவர்களைச் சேர்ப்பதே நல்லது. எங்கள் குழுவில் கொட்டான், கோரைப்பாய், சுடுமண் நகை, துணிப் பொம்மை, குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) ஆகியவை இருக்கின்றன. இன்னொரு ஓலை முடைபவர் என் பெட்டியைப் பார்த்தால் குருத்தோலையின் தரத்தையும் விளிம்பு கட்டிய விதத்தையும்தான் முதலில் பார்ப்பார். சுடுமண் நகை செய்பவருக்கு ஓலை வேலை தெரியாது. ஆகவே வாங்குபவருக்கு எது புரியாதோ அது அவருக்கும் புரியாது. அந்தப் புரியாமைதான் நமக்கு வேண்டியது.

படி 2: ஒரே ஒரு கேள்வியோடு வருதல்

"என் கடை எப்படி இருக்கிறது?" என்று கேட்க வேண்டாம். "இந்த மூன்று கொட்டான் அடுக்கைப் பலர் பார்க்கிறார்கள், ஒருவரும் வாங்கவில்லை, எந்த இடத்தில் மனம் மாறுகிறது?" என்று கேளுங்கள். ஒரு கடைக்கு ஒரு மாதம், அந்த மாதத்தில் ஒரு பொருள், அதற்கு ஒரு கேள்வி என்று வைத்துக்கொண்டால், பார்ப்பவருக்கும் சுமையில்லை, கேட்பவருக்கும் பயன்படும் பதில் வரும்.

படி 3: கடைக்காரர் வாய் திறக்காமல் முதல் பார்வை

இதுவே முழு முறையிலும் முக்கியமானது. பார்ப்பவர் தன் கைபேசியில், விற்பவர் எந்த விளக்கமும் தராத நிலையில், அந்தப் பொருளின் பக்கத்தை ஒரு நிமிடம் மட்டும் பார்க்க வேண்டும். பிறகு பக்கத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுத வேண்டும்: இது என்ன பொருள், எவ்வளவு பெரியது, என்ன விலை, எத்தனை நாளில் வந்து சேரும், உடைந்து வந்தால் யாரிடம் சொல்வது. எழுத முடியாமல் போன ஒவ்வொரு இடமும் பக்கத்தில் விடுபட்ட ஒன்றைக் காட்டுகிறது.

அந்த நேரத்தில் குறுக்கிட்டு, "அளவு கீழே எழுதியிருக்கிறேன், நீங்கள் கவனிக்கவில்லை" என்று சொல்லத் தோன்றும். சொல்லக் கூடாது. உங்கள் மேல் அன்புள்ள தோழியே கவனிக்கவில்லை என்றால், பேருந்தில் நின்றபடி கைபேசியைத் தள்ளிக்கொண்டிருப்பவர் எப்படிக் கவனிப்பார்? சுடுமண் நகை விற்பவரின் பக்கத்தை நாங்கள் பார்த்தபோது, நால்வருமே தனித்தனியாக ஒரே கேள்வியை எழுதியிருந்தோம்: "ஜிமிக்கி காதை இழுக்குமா?" ஒரு ஜோடி எத்தனை கிராம் என்று அவர் எழுதவே இல்லை. மண் என்றதும் கனமாக இருக்கும் என்று வாங்குபவர் நினைப்பார் என்பது, தினமும் அந்த நகையைப் போட்டுக்கொள்ளும் அவருக்குத் தோன்றவில்லை.

படி 4: படங்களை ஒன்றொன்றாகப் பார்த்தல்

ஒவ்வொரு படத்துக்கும் எதிரே, "இந்தப் படம் எனக்கு எதைச் சொன்னது?" என்று ஒரு வரி எழுதுங்கள். இரண்டு படங்கள் ஒரே செய்தியைச் சொன்னால் ஒன்றை எடுத்துவிடலாம். என் முதல் படத்தில் கொட்டானைச் சிவப்புப் பட்டின் மேல் வைத்து, சுற்றிலும் மல்லிகைச் சரம் போட்டிருந்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் கண் பட்டுக்குப் போனது, ஓலைக்குப் போகவில்லை. பெட்டி உள்ளங்கை அளவா, குடம் அளவா என்பதும் தெரியவில்லை. இப்போது முதல் படத்தில் வெறும் வெள்ளைப் பின்னணியில் கொட்டான் மட்டும் இருக்கிறது. இரண்டாவது படத்தில் அதே கொட்டானை ஒரு கை பிடித்திருக்கிறது. மூன்றாவதில் அடிப்பாகம், நான்காவதில் உள்ளே ஒரு தேங்காயும் வெற்றிலைக் கட்டும்.

நிறம் பற்றி ஒரு குறிப்பு. சாயம் தோய்த்த ஓலையை இரவில் மஞ்சள் விளக்கின் கீழே படம் எடுத்தால் இளஞ்சிவப்பு ஆரஞ்சாகத் தெரியும். பொருள் கைக்குப் போனதும் "படத்தில் இருந்த நிறம் இல்லை" என்று புகார் வரும். காலையில் நேர் வெயில் விழாத சன்னலோரத்தில் பொருளை வைத்து, சன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி எடுங்கள். அட்டை வெளிச்சத்தைத் திருப்பித் தருவதால் நிழல் பக்கமும் தெளிவாக வரும்.

படி 5: பெயரும் தேடுசொற்களும்

எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது இங்கேதான். "கொட்டான் என்றால் செட்டிநாட்டுக்கு வெளியே யாருக்குத் தெரியும், அந்தச் சொல்லையே எடுத்துவிடுங்கள்" என்றார்கள். நான் எடுக்கவில்லை, அது அந்தப் பெட்டியின் பெயர். ஆனால் அதற்கு முன்னால் "பனை ஓலைக் கூடை" என்று சேர்த்தேன். குழு சொல்வதையெல்லாம் செய்ய வேண்டியதில்லை, குழு சுட்டும் சிக்கலைத் தீர்த்தால் போதும் என்பது எனக்கு அதில் விளங்கியது.

ஒவ்வொருவரும் அந்தப் பொருளைத் தேட என்ன தட்டச்சு செய்வார்கள் என்று பேசிக்கொள்ளாமல் எழுதித் தரச் சொல்லுங்கள். என் பெட்டிக்கு வந்தவை: ரிட்டர்ன் கிஃப்ட் கூடை, தாம்பூலப் பெட்டி, கல்யாணச் சீர்க் கூடை, பூக்கூடை. நான் வைத்திருந்ததோ "கையால் முடைந்த பாரம்பரியக் கலைப்பொருள்". அப்படி யாரும் தேடுவதில்லை. கைவினைப் பொருள்கள் விற்கும் எட்ஸி (Etsy) தளத்தில் ஒரு பொருளுக்கு 13 தேடுசொற்கள் வரை இடலாம், ஒவ்வொன்றும் 20 எழுத்துக்குள் இருக்க வேண்டும்; தலைப்புக்கு 140 எழுத்து வரை இடம் உண்டு. பதின்மூன்றில் ஐந்தை மட்டும் நிரப்பிவிட்டு விட்டிருப்பவர்கள் பலர். மீதியை நிரப்ப, குழுவினர் எழுதித் தந்த தாளே போதும்.

இந்தப் படியில் ஊர்ப் பெயர்களையும் சரிபார்த்துவிடுங்கள். பத்தமடைப் பாய், செட்டிநாடு கொட்டான், தஞ்சாவூர் ஓவியம், நீலகிரித் தோடர் பழங்குடியினரின் பூத்தையல் ஆகியவை புவிசார் குறியீடு, அதாவது ஒரு பொருளின் பெயர் அதன் ஊருக்கோ பகுதிக்கோ உரியது என்ற சட்டப் பதிவு, பெற்றவை. வேறெங்கோ செய்த பொருளுக்கு அந்தப் பெயரை விற்பனைக்காகச் சூட்டக் கூடாது. அந்தக் குறியீட்டைப் பயன்படுத்துவதற்கும் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிந்திருக்க வேண்டும். தோழமைக்காக இதைக் கண்டும் காணாமல் விட்டால், அந்த ஊரில் உட்கார்ந்து நெய்பவரின் பிழைப்பில் கைவைத்தவர்கள் ஆவோம்.

படி 6: முழு விலை கொடுத்து ஒன்று வாங்கிப் பார்த்தல்

ஒருவர் மற்றவரிடம், சலுகையின்றி, முன்கூட்டிச் சொல்லாமல், வீட்டில் வேறொருவர் பெயரில் ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். கடைப் பக்கம் காட்டாத பலவற்றைப் பொதி காட்டிவிடும். என்னுடைய கொட்டான் கசங்காமல் இருக்க வேண்டுமென்று பெரிய அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஓலையின் எடை அரைக் கிலோகூட வராது, ஆனால் கூரியர் கட்டணம் எப்போதும் அதிகமாகவே வந்தது. பொம்மை விற்கும் தோழிதான் காரணம் சொன்னார்: பல கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து, வரும் எண்ணையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் போடுகின்றன. என் அட்டைப்பெட்டி 30, 30, 25 சென்டிமீட்டர். பெருக்கினால் 22,500, வகுத்தால் 4.5 கிலோ. காற்றுக்குக் காசு கட்டிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மூன்று கொட்டான்களாகச் சேர்த்து விற்கத் தொடங்கினேன். அட்டைப்பெட்டியின் அளவு அதேதான், கட்டணமும் அதேதான். அதில் மூன்று பொருள் போகிறது.

இந்தச் சோதனை வாங்கலுக்குப் பின் கடையில் மதிப்புரை எழுதாதீர்கள். ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்வதைச் சிலர் உதவி என்று நினைக்கிறார்கள். 2020 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், விற்பனையாளர் தன்னை நுகர்வோர் போலக் காட்டி மதிப்புரை இடுவதைத் தடை செய்கின்றன. 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென்றே ஐ.எஸ். 19000:2022 என்ற இந்தியத் தரநிலையும் வந்தது. சட்டம் இருக்கட்டும்; நாமே எழுதிய புகழுரைகளுக்கு நடுவில் உண்மையான வாடிக்கையாளர் சொன்ன ஒரு குறை மறைந்துபோனால், அதைத் திருத்தும் வாய்ப்பை இழப்பது நாம்தான்.

படி 7: கருத்தை எழுதித் தருதல்

கண்டதை முதலிலும், அதைக் கண்டு என்ன நினைத்தீர்கள் என்பதை அடுத்தும், யோசனையைக் கடைசியிலும் எழுதுங்கள். "படங்கள் சரியில்லை" என்பதை வைத்து எதுவும் செய்ய முடியாது. "பாயைச் சுருட்டி வைத்த படம் மட்டும் இருக்கிறது, விரித்தால் இருவர் படுக்கலாமா என்று தெரியாததால் வாங்கத் தயங்கினேன், விரித்த பாயில் ஒருவர் உட்கார்ந்திருக்கும் படம் சேர்க்கலாம்" என்று எழுதினால், அவர் அன்றைக்கே படம் எடுத்துவிடுவார். பொருளின் வடிவத்தைப் பற்றிக் கேட்கப்படாமல் பேச வேண்டாம். ஒருவர் வடிவத்தை இன்னொருவர் எடுத்துச் செய்யக் கூடாது என்பதையும் முதல் நாளே வாய்விட்டுப் பேசிவிடுங்கள்.

படி 8: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

படம், தலைப்பு, விலை மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலன் தந்தது என்பது தெரியாது. ஒரு நோட்டில் தேதி போட்டு, எதை மாற்றினீர்கள், அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்று எழுதுங்கள். அடுத்த இரண்டு வாரத்துக்கும் அதையே எழுதுங்கள். பார்ப்பவர் எண்ணிக்கை கூடாவிட்டால் தலைப்பிலும் தேடுசொல்லிலும் சிக்கல் என்று கொள்ளலாம். பார்த்துவிட்டு வாங்காமல் போனால் படம், விலை, அனுப்பும் செலவு ஆகியவற்றில் தேடுங்கள்.

மாதத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஆடிக் கடைசியில் தலைப்பை மாற்றினேன். ஆவணியில் விற்பனை ஏறியது. தலைப்பின் பலன் என்று குழுவில் பெருமையாகச் சொன்னேன். பாய் விற்கும் சகோதரி, "ஆவணியில் முகூர்த்தம் வந்துவிட்டது, என் பாயும்தான் விற்றது, நான் எதையும் மாற்றவில்லையே" என்றார். அதிலிருந்து சீர்ப் பொருள்களுக்கு முந்தைய ஆண்டின் அதே மாதக் கணக்கை எதிரே எழுதி ஒப்பிடுகிறோம்.

ஐந்து பேர் இருந்தால் ஐந்து மாதம் கழித்து உங்கள் முறை மீண்டும் வரும். அன்றைக்குப் புதிய கேள்வியை எடுப்பதற்கு முன்னால், பழைய நோட்டைக் குழுவின் முன் வைத்து, சொன்னவற்றில் எதைச் செய்தீர்கள், எதைச் செய்யவில்லை, ஏன் செய்யவில்லை என்பதைச் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.